ஈரல் நோயும் காலமறிதலும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மண்டபத்தில் நம்மவர் முன்னிலையில் இலக்கியம் பற்றிச் சில சொல்லுமாறு யான் பலமுறை அழைக்கப்பெற்றதுண்டு. இம்முறையும் செயலாளர் அவர்கள் காப்பியம் ஒன்றைக் குறித்துப் பேசுமாறே பணித்தார்கள். யானோ, "இம்முறை ஈரலைக் குறித்துப் பேச விழைகின்றேன்" என்றேன். அவர்கள் சற்றே திகைத்து, "தமிழாசிரியருக்கும் ஈரலுக்கும் யாது தொடர்பு?" என்று வினவினார்கள். தொடர்பு உண்டு. பேச்சு முடிவதற்குள் அதனை நீங்களே உணர்வீர்கள்.

யான் மருத்துவன் அல்லேன். எனினும், படித்தவன் ஒருவன் தன் குடும்பத்தில் ஒரு பிழை செய்து, அப்பிழையினால் ஒரு பாடமும் பெற்று, அதனைத் தன்னைச் சார்ந்தோர்க்கு உரையாது மறைப்பானாயின், அவன் படிப்பினால் எவர்க்கும் பயனில்லை. ஆதலின் இன்று துணிந்து நிற்கின்றேன். மருத்துவச் செய்திகளை யான் தக்க மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களிற் கண்டும் தெளிந்த அளவிலேயே உரைப்பேன்.

என் தமக்கையாரின் கணவர் பலசரக்கு வாணிகம் செய்தவர். உங்களிற் பலர்க்கு அவர் பழக்கமானவர். ஆதலின் பெயர் கூற வேண்டுவதில்லை. 2017-ஆம் ஆண்டில், அவர்க்கு ஐம்பத்திரண்டு வயது நடக்கையில், வலப்பக்கத்து விலாவின் கீழ் ஒரு கனமும், சிறிது உண்டாலும் வயிறு நிறைந்தாற்போன்ற உணர்ச்சியும் தோன்றின. மருத்துவர் ஒருவரிடம் காட்டினார். அவர் வயிற்றைச் சி.டி. ஸ்கேன் எடுத்துவருமாறு சீட்டு எழுதித் தந்தார். எடுத்தோம். ஆங்கிலத்தில் இருந்த ரிப்போர்ட்டை என்னிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். கல்லீரலில் ஐயத்திற்கிடமான கட்டி யாதும் காணப்படவில்லை என்று அதில் எழுதியிருந்தது. யான் அதனைத் தமிழ்ப்படுத்தி, கூடத்தின் நடுவே நின்று, தமக்கையாரும் மருமக்கள் இருவரும் கேட்க, "அத்தானுக்கு ஒன்றுமில்லை, கவலையை விடுங்கள்" என்று உரைத்தேன். அன்று அவ்வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

எட்டு மாதங்கள் சென்றன. உடல் மெலிந்தது, கண்கள் மஞ்சளித்தன. சென்னைக்குக் கொண்டு சென்றோம். அங்கு ஈரல் நோயிற் பயின்ற முதிய மருத்துவர் ஒருவர், பழைய படங்களை நெடுநேரம் நோக்கிவிட்டு, "இவை யாவும் ஒரே வேளையில் எடுத்த படங்கள். ஈரற் புற்றைத் தேடுவதற்கு இவை போதா" என்றார். பின்னர் அவர் சொன்ன முறைப்படி மீண்டும் ஸ்கேன் எடுக்கப்பெற்றது. ஏழு சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டி ஒன்று கண்டது. அது குருதிக் குழாயினுள்ளும் புகுந்துவிட்டிருந்தது. பதினொரு மாதத்தில் அவர் எம்மை விட்டு நீங்கினார்.

"ஒரே வேளையில் எடுத்த படம்" என்னும் அச்சொல் என் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது. படம் என்றால் படந்தானே? அதற்கு வேளை ஏது? நாட்பார்த்து நல்ல வேளை குறித்துத் திருமணம் செய்யும் நாம், ஸ்கேனுக்கும் ஒரு வேளை உண்டென்பதை அறிந்திலோம். அவ்வேளை யாது என்பதே இன்று யான் விளக்கப் புகுந்த பொருள்.

நம் உடலுறுப்புக்களிற் பெரும்பாலானவை நெஞ்சினின்று புறப்படும் தமனி என்னும் குழாய் ஒன்றினாலேயே குருதி பெறுகின்றன. ஈரலோ இருவழியாற் பெறுகின்றது. ஒன்று, நெஞ்சினின்று வரும் தமனி. மற்றொன்று, குடல், மண்ணீரல் முதலியவற்றிற் சென்று சுற்றிய குருதியை, உணவின் சாரத்தோடு சுமந்துவரும் வாயிற்குழாய். இதனை டாக்டர்கள் போர்ட்டல் வெயின் என்பர். நலமான ஈரல் தனக்கு வேண்டிய குருதியில் ஏறத்தாழ முக்காற் பங்கை வாயிற்குழாயினின்றும், காற்பங்கையே தமனியினின்றும் பெறுகின்றது. ஈரலிலேயே பிறக்கும் புற்றுக்கட்டியோ, முதிருந்தோறும் வாயிற்குழாயை விடுத்துத் தமனியையே பற்றிக்கொள்கின்றது. இவ்வொரு வேறுபாடே அக்கட்டியைக் காட்டிக்கொடுக்கும் கருவியாகும்.

நம்மிற் பெரும்பாலோர் உழவர் குடியினர். ஆதலின் வயலைக் கொண்டு இதனை விளக்குவேன். ஒரு வயலுக்கு இரண்டு நீர்வழிகள் உள்ளன என்க. ஒன்று, வயலோரத்துக் கிணற்று வாய்க்கால். மற்றொன்று, ஊரைச் சுற்றி வரும் ஏரி வாய்க்கால். நெற்பயிர் பெரும்பாலும் ஏரி நீரையே குடிக்கின்றது. இடையில் முளைத்த களையொன்று கிணற்று நீரை மட்டுமே குடிக்கின்றது. இப்பொழுது இரண்டு வாய்க்கால்களின் தலைப்பிலும் ஒரே நேரத்திற் சாயத்தைக் கரைத்து விடுவோமாயின் என்னாகும்? கிணற்று நீர் முன்னே வரும்; களை முதலிற் சிவக்கும்; பயிர் பச்சையாகவே நிற்கும். சிறிது பொழுது கழித்து ஏரி நீர் வரும்; பயிர் முழுதும் சிவக்கும்; களை அதனுள் மறைந்துபோம். இன்னும் பொழுது சென்றாற் களையின் சாயம் முன்னரே வெளுத்துவிடும். சிவந்த பயிரிடையே அது வெளிறித் தோன்றும். வயலைக் காண வந்தவன் இடைப்பட்ட வேளையில் மட்டும் வந்து பார்த்துச் செல்வானாயின், "இங்குக் களையே இல்லை" என்று சொல்வான். அவன் பொய் சொன்னானல்லன். வந்த வேளைதான் வேறு.

இனி, ஸ்கேனின் செய்தியைக் காண்போம். சி.டி. ஸ்கேன் என்னும் கருவியை ஆக்கியவர் இங்கிலாந்து நாட்டு ஹவுன்ஸ்பீல்ட் என்னும் பொறியியலறிஞர். 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் லண்டன் மாநகரத்து அட்கின்ஸன் மோர்லி மருத்துவமனையில் நோயாளி ஒருவரின் மூளை முதன்முதல் அக்கருவியாற் படம் பிடிக்கப்பெற்றது. அவர்க்கும், அதன் கணித நெறியை வகுத்த கார்மக் என்பார்க்கும் 1979-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பெற்றது. அந்நாளில் ஒரு துண்டுப் படத்திற்கே பல நிமிடங்கள் ஆயின. இந்நாளிலோ ஈரல் முழுவதையும் ஒரு மூச்சடக்கும் பொழுதிற்குள் படமாக்கலாம். இவ்விரைவினாலேயே ஒரே நோயாளியின் ஈரலைச் சில விநாடிகள் இடையிட்டுப் பலமுறை காணுதல் கூடுவதாயிற்று.

மருந்து செலுத்தாது எடுக்கும் படத்தில் ஈரலும் கட்டியும் பெரும்பாலும் ஒரே சாயலாய்த் தோன்றும். ஆதலின் அயோடின் சேர்ந்த கான்ட்ராஸ்ட் மருந்தினை, ஏறத்தாழ நூறு மில்லிலிட்டர் அளவில், முழங்கை மடிப்பிலுள்ள நரம்பின் வழியே விநாடிக்கு மூன்று முதல் ஐந்து மில்லிலிட்டர் வீதம் பொறியாற் செலுத்துகின்றனர். இதுவே நாம் சொன்ன சாயம். அது நெஞ்சை அடைந்து, பெருந்தமனி வழியே ஈரலை எய்துகின்றது.

செலுத்தத் தொடங்கியதினின்றும் இருபது, இருபத்தைந்து விநாடிகளில் எடுப்பின், தமனிகள் மட்டுமே விளங்கித் தோன்றும். கட்டி இன்னும் போதிய மருந்தை உண்டிராது. முப்பத்தைந்து முதல் நாற்பது விநாடிகளளவில் எடுப்பின், கட்டி பளிச்சென ஒளிரும். சுற்றியுள்ள ஈரல் மங்கியே கிடக்கும். இதனைப் பிற்றமனிக் காலம் எனலாம். ஈரற் புற்றைத் தேடுவார்க்கு இன்றியமையாத வேளை இதுவே. அறுபது முதல் எண்பது விநாடிகளில் வாயிற்குழாய் வழியே வந்த மருந்தால் ஈரல் முழுதும் ஒளிரும். இஃது வாயிற் காலம். அப்பொழுது சிறு கட்டி ஈரலின் ஒளியோடு கலந்து மறைதலும் உண்டு. மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் கழிந்தபின் எடுக்கும் படத்தில், கட்டி தான் உண்ட மருந்தை இழந்து, சுற்றியுள்ள ஈரலினும் இருண்டு தோன்றும். சிலவற்றைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்றும் காணும்.

முன்னே ஒளிர்தலும் பின்னே இருளுதலும் ஆகிய இவ்விரண்டும் ஒருங்கே அமைந்து, கட்டியும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாததாய், நோயாளியும் ஈரற் சுருக்கமோ நாட்பட்ட ஹெபடைட்டிஸ்-பி நோயோ உடையவராயின், ஊசியாற் குத்திச் சதையெடுத்துப் பார்க்காமலே புற்றென்று துணியலாம் என்பது மருத்துவர் கண்ட முடிபு. பிற உறுப்புக்களின் புற்றுக்குப் பெரும்பாலும் இச்சலுகை இல்லை. அமெரிக்க ரேடியாலஜிக் கல்லூரியார் 2011-ஆம் ஆண்டில் இதற்கென விதிமுறை ஒன்றையும் வகுத்து வெளியிட்டுள்ளனர்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். எல்லார்க்கும் முப்பத்தைந்தாம் விநாடியென்றே வைத்துக்கொள்ளலாகாதோ எனின், ஆகாது. இளைஞன் ஒருவனது நெஞ்சு விரைந்து குருதியைத் தள்ளும். நெஞ்சு தளர்ந்த முதியவர்க்கு அம்மருந்தே பல விநாடிகள் தாழ்த்து வந்துசேரும். ஆதலின் வயிற்றுப் பெருந்தமனியின் மேல் ஒரு சிறு வட்டம் இட்டு, அங்கு மருந்து வந்து குறித்த அளவு ஒளி ஏறியதைக் கருவியே கண்டு, அதனின்றும் பதினைந்து முதல் இருபது விநாடிகள் கழித்துப் படமெடுக்கும் முறை இன்று கையாளப்படுகின்றது. கடிகாரத்தைப் பாராது நீர் வந்த மடையைப் பார்த்துப் பாய்ச்சும் உழவனின் அறிவை இஃது ஒக்கும்.

இனி என் அத்தானின் செய்திக்கு மீள்வேன். அவர்க்கு முதலில் எடுத்தது வாயிற் காலத்துப் படம் ஒன்றே. அதனை எடுத்தோர் மேல் யான் நெடுநாள் சினங்கொண்டிருந்தேன். ஒருநாள் சென்னை மருத்துவரிடம் அதனை வெளியிட்டும் சொன்னேன். அவர் அமைதியாக, "வயிற்று நோவு என்று மட்டும் சீட்டில் எழுதியிருந்தால் வாயிற் காலத்தில் எடுப்பதே பொதுவான வழக்கு. குடற்புற்று ஈரலுக்குப் பரவியிருப்பின் அவ்வேளையிலேதான் நன்கு தெரியும். காரணமின்றி நான்குமுறை எடுத்தால் கதிர்வீச்சும் நான்கு மடங்காகும். அவர்க்கு ஹெபடைட்டிஸ்-பி இருந்ததைச் சீட்டெழுதிய டாக்டருக்கு யாரேனும் சொன்னீர்களா?" என்று கேட்டார்.

யான் விழித்தேன். அருகில் நின்ற என் தமக்கையார் தலைகுனிந்தார்.

அவையீர்! 2009-ஆம் ஆண்டில் இரத்ததானம் செய்யச் சென்றவிடத்திலே அத்தானுக்கு அந்நோய் உளதென்று தெரிந்திருக்கின்றது. அவர் அதனை மனைவியார் ஒருவரையன்றி வேறெவர்க்கும் உரைத்திலர். எதனால்? பெண்கள் இருவர் மணத்திற்கு இருந்தனர். "தகப்பனுக்கு மஞ்சள் காமாலைக் கிருமி" என்னும் சொல் வெளிப்பட்டால் நம்மவர் எவரும் அவ்வீட்டுப் படி ஏறார் என்று அஞ்சினார். அவ்வச்சத்தால் மருத்துவரிடமும் மறைத்தார். மறைத்ததனால் சீட்டில் அது ஏறவில்லை. சீட்டில் ஏறாமையாற் படத்தின் வேளை மாறிற்று. வினா ஒன்றாகவும் விடை வேறொன்றாகவும் முடிந்தது. அவ்விடையை யான் முழு விடையென்று கூடத்தின் நடுவே நின்று படித்தேன். அன்றே கட்டி இருந்ததா என்பதை எவரும் அறுதியிட்டுக் கூறவியலாது. இருந்திருப்பினும் காணும் வழியை நாங்களே அடைத்துவிட்டோம் என்பது மட்டும் உறுதி.

அவர் மறைத்தது குற்றமெனின், அவரை மறைக்கச் செய்த நாம் குற்றமற்றவரோ? சம்பந்தம் பேசும் இடத்தில் நோயைப் பழியாகப் பேசுவோர் யாவர்? நாமே அன்றோ! சங்கத்துப் பொருத்தப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவ்வீட்டில் இன்ன நோயாம், இவ்வீட்டில் இன்ன குறையாம் என்று முணுமுணுப்போரும் நாமே.

ஹெபடைட்டிஸ்-பி குலத்தாலோ ஒழுக்கக் கேட்டாலோ வருவதென்று எண்ணற்க. பெரும்பாலும் அது பிறக்கும்பொழுது தாயினிடமிருந்து குழந்தைக்கு வருகின்றது. தூய்மையற்ற ஊசி, இரத்தம், உடற்சேர்க்கை ஆகியவற்றாலும் வருகின்றது. ஒரே பந்தியில் உண்பதாலும், ஒரே குவளையிற் பருகுவதாலும், கைகோத்து நடப்பதாலும் வருவதில்லை. அக்கிருமியின் அடையாளத்தைக் கண்டறிந்த பிளம்பர்க் என்னும் அறிஞர்க்கு 1976-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. அதற்குத் தடுப்பூசியும் வந்தது. தைவான் நாட்டார் 1984-ஆம் ஆண்டிலேயே பிறந்த குழந்தைகளுக்கு அதனைச் செலுத்தத் தொடங்கினர். சில ஆண்டுகளில் அந்நாட்டுச் சிறுவர்களிடையே ஈரற் புற்று வெகுவாகக் குறைந்தது. நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டு முதல் அது நாடெங்கும் குழந்தைகட்கு இலவசமாகச் செலுத்தப்படுகின்றது. மணமகனுக்கோ மணமகளுக்கோ அந்நோய் இருப்பினும், துணைவர் முன்னரே தடுப்பூசி போட்டுக்கொண்டு, காப்பு உண்டாயிற்றென்று சோதித்தறிந்து, இல்லறம் நடத்தலாம். தாய்க்கு அஃது இருப்பின், குழந்தை பிறந்த இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் தடுப்பூசியும், உடன் இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்துவித்தல் வேண்டும். மறைத்தால் இவற்றுள் ஒன்றும் நடவாது.

அத்தானின் பதினாறாம் நாள் முடிந்தவுடன், யான் அவர் உடன்பிறந்தார் நால்வரையும் அழைத்து, இரத்தம் சோதித்துக்கொள்ளுமாறு வற்புறுத்தினேன். முதலிற் சினந்தனர், பின்னர் இசைந்தனர். இருவர்க்கு அக்கிருமி இருந்தது. அவர்களுள் இளையவர் இன்று இவ்வவையில் அமர்ந்திருக்கின்றார். அவர் இசைவு பெற்றே இதனைக் கூறுகின்றேன். மருந்துண்டுகொண்டே ஆறு மாதத்திற்கொருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் இரத்தச் சோதனையும் தவறாது செய்துவந்தார். 2021-ஆம் ஆண்டில் சிறியதொரு முடிச்சுத் தோன்றிற்று. இம்முறை சீட்டில் யாவும் எழுதப்பெற்றன; வேளையறிந்து படங்கள் எடுக்கப்பெற்றன. பிற்றமனிக் காலத்தில் ஒளிர்ந்து, பின்னர் இருண்ட கட்டி. இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைந்த அளவினது. மெல்லிய ஊசியைச் செலுத்தி வெப்பத்தால் அதனைச் சுட்டழித்தனர். நான்காண்டுகள் கடந்தன, இன்னும் முறை தவறாது பார்த்துக்கொள்கின்றார், கடையையும் நடத்துகின்றார்.

மருமக்களுள் மூத்தவளுக்கு வரன் வந்தபொழுது, தமக்கையார் தந்தையின் நோயை முன்னரே உரைத்துவிட்டார். ஒரு வீட்டார், நம் சங்கத்தவரே, மறுமொழியின்றி விலகினர். அடுத்து வந்தோர், "பெண்ணுக்குச் சோதனை செய்ததுண்டா?" என்று கேட்டனர். செய்து, கிருமியில்லையென்று கண்டு, தடுப்பூசியும் போட்டாயிற்றென்றோம். அப்பொழுது மாப்பிள்ளையின் தாயார் தம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, "எங்கள் பிள்ளைக்கும் பார்த்துக் கொண்டுவந்திருக்கிறோம் அண்ணா" என்று என்னிடம் நீட்டினார். அன்றும் அவ்வீட்டில் பாயசம் வைத்தார்கள். யான் அன்று உண்டதே பாயசம்.

இனி நீங்கள் நினைவிற்கொள்ள வேண்டுவன சில. ஹெபடைட்டிஸ்-பி, ஹெபடைட்டிஸ்-சி, மிகுகுடி, நீரிழிவோடு கூடிய கொழுப்பு ஈரல் ஆகியவை ஈரலைச் சுருங்கச் செய்து புற்றுக்கு வழிகோலுவன. ஈரற் சுருக்கம் உடையோரும், ஹெபடைட்டிஸ்-பி உடையோரும் எத்துணை நாளுக்கொருமுறை பார்த்துக்கொள்ள வேண்டுமென்று மருத்துவரைக் கேட்டறிக. பெரும்பாலோர்க்கு ஆறு மாதமே வரையறை. ஸ்கேனுக்குச் சீட்டு வாங்குங்கால், "எனக்கு ஈரல் நோய் உண்டு, இஃது ஈரற் கட்டியைத் தேடுவதற்குரிய பல வேளைப் படமா?" என்று வினவுக. வினவுதல் மருத்துவரை அவமதித்தலாகாது. முன்னர் கான்ட்ராஸ்ட் மருந்து ஒவ்வாமற் போனதுண்டாயினும், சிறுநீரக நோய், ஆஸ்துமா, கருப்பம் உளவாயினும், நீரிழிவு மாத்திரை உண்பவராயினும் முன்கூட்டியே சொல்லுக. பருத்த ஊசியைக் கண்டு அஞ்சற்க. விரைந்து செலுத்தினாலன்றி வேளை அமையாது. மருந்து ஏறுங்கால் உடலெங்கும் சூடு பரவினாற்போலத் தோன்றும், அஃது இயல்பே. மூச்சடக்கச் சொன்னால் அசையாது அடக்குக. பழைய படங்களைப் பரணில் எறியாது காத்துவைக்க. ரிப்போர்ட்டில் "ஒன்றுமில்லை" என்றிருப்பினும், எதனைத் தேடி ஒன்றுமில்லை என்றனர் என்பதைக் கேட்டறிந்தே மகிழ்க.

திருக்குறளிற் காலமறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. ஆண்டுதோறும் அதனை மாணவர்க்கு ஓதுகின்றேன். மருந்து என்னும் அதிகாரத்திலும், நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணியே மருத்துவம் செய்தல் வேண்டுமென்று வள்ளுவர் விதிக்கின்றார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என நால்வகை உறுப்புடையது மருத்துவம் என்றும் அவரே வகுக்கின்றார். அந்நான்காம் உறுப்பு யானாக இருந்தேன்; என் கடமையில் தவறினேன். தமிழாசிரியனுக்கும் ஈரலுக்கும் உள்ள தொடர்பு இதுவே.

முடிவாக அவைத்தலைவர்க்கு ஒரு விண்ணப்பம். வரும் ஆண்டு விழாவில், பரிசளிப்பிற்கு முன்னர், தக்க மருத்துவர்களைக் கொண்டு ஹெபடைட்டிஸ்-பி சோதனையும் தடுப்பூசியும் நம்மவர்க்கு நடத்தச் சங்கம் தீர்மானம் நிறைவேற்றல் வேண்டும். முதலில் கை நீட்டுவோன் யானாக இருப்பேன். சோதனையில் நோய் கண்டோர் வீட்டில் பெண்ணெடுக்கவும் பெண்கொடுக்கவும் தயங்கோம் என்று பெரியோர்கள் இம்மேடையிலேயே வாக்களிப்பார்களாயின், எத்தனையோ வீடுகளில் பூட்டிக்கிடக்கும் வாய்கள் திறக்கும். அவை திறந்தால் மருத்துவர் சீட்டில் உண்மை ஏறும். உண்மை ஏறினால் படமும் உரிய வேளையில் எடுக்கப்பெறும்.